ஸ்கிரிப்டில் எழுதுவதும் பில்லில் விழுவதும்

கெமிஸ்ட் அக்கா பதில்கள்

இந்தத் தடவை நம் தென்னாப்பிரிக்க ஊர்களில் இருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: சர்ஜரிக்கு, அதாவது டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்கு, போய்விட்டு வந்தால் பர்ஸ் காலி. அதனால் முடி உதிர்வது, தூக்கம் வராதது எல்லாவற்றையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு மருந்துச் செலவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவள், டாக்டர் இல்லை. உங்கள் உடம்பைப் பற்றி அளவாகத்தான் பேசுவேன், பில்லைப் பற்றி நிறையவே பேசுவேன்.

அக்கா, எங்கள் தெரு முனை சர்ஜரியில் இரண்டு டாக்டர்கள். பெரியவர் எங்கள் குடும்பத்தையே பல வருஷமாகப் பார்ப்பவர். இன்னொருவர் அவரோடு சமீபத்தில் சேர்ந்த இளம் பெண். எனக்கும் என் ஓரகத்திக்கும் ஒரே பிரஷர், ஒரே கொழுப்பு. நான் பெரியவரிடம் போகிறேன், அவள் இளையவரிடம். இரண்டு கெமிஸ்ட் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்னுடையது இரண்டு மடங்கு. என்னை ஏமாற்றுகிறார்களா? கேட்டால் பெரியவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயம்.
– வாசகி, சாட்ஸ்வொர்த்

ஏமாற்று என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டாதீர்கள். பேனா பழக்கம் என்று ஒன்று உண்டு. பெரியவர் தொழிலுக்கு வந்த காலத்தில் இந்த மாத்திரைகள் கம்பெனிப் பெயரில் மட்டுமே கிடைத்தன, நோர்வாஸ்க், லிப்பிட்டோர் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, காப்புரிமை தீர்ந்து பல கம்பெனிகள் அதே மருந்தைப் போட ஆரம்பித்த பிறகும் கை பழைய பெயரைத்தான் எழுதும். இளையவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சி முடித்து வந்தவராக இருப்பார். அங்கே 1996 முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதில் அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைட், சிம்வாஸ்டாட்டின் என்று மருந்தின் சொந்தப் பெயர்தான், கம்பெனிப் பெயருக்கு வேலையே இல்லை. அந்தப் பழக்கத்தோடு வந்து பெரியவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

விலை விஷயத்தில் நம் நாடு கொஞ்சம் வித்தியாசமானது, இது பலருக்குத் தெரிவதில்லை. 2004-இல் இருந்து இங்கே ஸ்கிரிப்டுக்கு (டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டுக்கு) விற்கும் ஒவ்வொரு மருந்துக்கும் சிங்கிள் எக்ஸிட் பிரைஸ் என்று ஒரே விலைதான். கம்பெனி விலை, கொண்டு வந்து சேர்க்கும் செலவு, வாட் வரி எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய மாலில் இருக்கும் சங்கிலிக் கடையும் உங்கள் தெருவில் இருக்கும் சின்ன கெமிஸ்டும் அந்த மாத்திரைப் பெட்டியை ஒரே விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும், நூறு பெட்டி வாங்கினால் பத்து இலவசம் என்ற பழைய வியாபாரம் சட்டப்படி செத்துப்போயிற்று. டாக்டர்களுக்கு மருந்துக் கம்பெனி சாம்பிள் கொடுப்பதும் அதே சட்டத்தில் அடிபட்டுப்போனது. வருஷத்துக்கு ஒரு முறை எவ்வளவு ஏற்றலாம் என்று சுகாதார அமைச்சர் அறிவிப்பார், அதற்கு மேல் ஏற்ற முடியாது. விலைப் பட்டியல் ஒன்றும் ரகசியமில்லை, சுகாதார இலாகா இணையத்தில் போட்டுவைத்திருக்கிறது, உங்கள் வீட்டுப் பிள்ளைகளை விட்டால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பார்கள்.

அப்புறம் ஏன் இரண்டு கெமிஸ்டில் இரண்டு விலை என்று கேட்பீர்கள். அந்த விலைக்கு மேல் மருந்து எடுத்துக் கொடுக்கும் கூலி ஒன்று உண்டு, அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. விலை குறைந்த மருந்துக்குச் சதவீதம் அதிகம், 46-இல் தொடங்கும், விலை ஏற ஏறக் குறைந்து 5 வரை வரும், ஒவ்வொரு படியிலும் ஒரு நிலையான தொகை கூடும். உச்சவரம்புதான் சட்டம், அதற்குக் கீழே வாங்கத் தடையில்லை. போட்டிக்காகக் குறைத்து வாங்கும் கடைகளும் உண்டு, முழுசாக வாங்கும் கடைகளும் உண்டு.

உங்கள் இரட்டிப்பு பில் மட்டும் அந்தக் கூலியால் வந்ததாக இருக்காது, பெயரால் வந்தது. பெரியவர் கம்பெனிப் பெயரையே எழுதினாலும், விலை குறைந்த ஜெனரிக் (அதே மருந்தை வேறு கம்பெனி போடுவது) இருக்கிறது என்று கெமிஸ்ட் உங்களிடம் சொல்லி அதைத்தான் கொடுக்க வேண்டும், 1997-இல் திருத்திய மருந்துச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீங்களே வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். டாக்டர் தன் கையாலேயே மாற்றக் கூடாது என்று எழுதியிருந்தாலும் விட்டுவிட வேண்டும். ஆகவே அடுத்த முறை ஸ்கிரிப்டை விரித்துப் பாருங்கள், அந்த வாசகம் இருக்கிறதா என்று. இல்லை என்றால் கவுன்டரில் நீங்கள்தான் “எப்போதும் வாங்குவதையே கொடுங்கள்” என்று சொல்லியிருப்பீர்கள், கூட்ட நேரத்தில் கெமிஸ்டும் மேற்கொண்டு பேசியிருக்க மாட்டார். இன்னொன்றும் இருக்கலாம்: இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்த புதுச் சரக்கு எதையாவது பெரியவர் எழுதியிருப்பார். அதில் சிலவற்றுக்கு ஜெனரிக் கிடையாது, தனித்தனியாக இரண்டு மாத்திரை வாங்கினால் பாதி விலையில் முடியும்.

கோபம் பற்றிக் கவலை வேண்டாம். “விலை ஏன் அதிகம்?” என்று கேட்டால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும். “டாக்டர், மாசா மாசம் தாங்கவில்லை, இதே வேலை செய்யும் விலை குறைந்தது இருந்தால் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். நான் பார்த்தவரையில் பெரிய டாக்டர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் எழுதுவது கவுன்டரில் என்ன விலைக்கு விழுகிறது என்பதே தெரியாது.

போன மாதம் வெள்ளை மாத்திரை, இந்த மாதம் மஞ்சள். கேட்டால் “ஜெனரிக், அதே மருந்துதான்” என்கிறார் கெமிஸ்ட். மலிவுச் சரக்கை நம் தலையில் கட்டுகிறார்களோ?
– வாசகர், பீனிக்ஸ்

சட்டப்படிதான் கொடுத்திருக்கிறார், மேலே சாட்ஸ்வொர்த் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். உள்ளே இருக்கும் மருந்து ஒன்று, நிறமும் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இங்கே விற்க வேண்டுமானால் சாப்ரா என்கிற மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்து, அசல் மருந்து எவ்வளவு, எவ்வளவு நேரத்தில் இரத்தத்தில் ஏறுகிறதோ அதே மாதிரி இதுவும் ஏறுகிறது என்று காட்டியாக வேண்டும்.

ஜெனரிக் என்றால் இரண்டாம் தரம் என்று நம் ஆட்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சலே வரும். இந்த நாட்டில் இதற்காக நடந்த சண்டை சாதாரணச் சண்டை இல்லை. விலையைக் குறைக்க வந்த அந்த 1997 சட்டத்தை எதிர்த்து 39 மருந்துக் கம்பெனிகள் பிரிட்டோரியா நீதிமன்றத்துக்குப் போயின, உலகம் முழுவதும் காறித் துப்பியதும் 2001 ஏப்ரலில் வழக்கை வாபஸ் வாங்கின. அதே வருஷம் பிப்ரவரியில்தான் மும்பையின் சிப்லா கம்பெனி எய்ட்ஸ் மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஒரு ஆளுக்கு வருஷம் 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. மேல்நாட்டில் அதன் விலை அப்போது 10,000 டாலருக்கும் மேல். இன்று இங்கே லட்சக்கணக்கான பேர் உயிரோடு நடமாடுவது ஜெனரிக் மாத்திரையால்தான்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய பெட்டியில் பத்து மாத்திரை மிச்சம், புதுப் பெட்டியில் வேறு பெயர், வேறு நிறம். இது வேறு மருந்து என்று நினைத்துக் காலையில் இரண்டையும் போட்டுக்கொள்வார்கள், தலை சுற்றிக் கீழே விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். பெட்டியில் கம்பெனிப் பெயரைப் பெரிதாகவும் மருந்தின் பெயரைச் சின்னதாகவும் அச்சடித்திருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள், இரண்டிலும் ஒன்றே என்றால் ஒன்று மட்டும்தான் சாப்பிட வேண்டும்.

வலிப்பு மருந்து, தைராய்டு மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் இந்த மூன்றில் மட்டும் மாசத்துக்கு ஒரு கம்பெனி என்று தாவாதீர்கள். எதில் ஆரம்பித்தீர்களோ அதிலேயே நில்லுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் டாக்டருக்குத் தெரிந்து மாற்றுங்கள்.

எங்கள் டாக்டர் பார்க்கும் கட்டணமும் மருந்தும் சேர்த்து ஒரே தொகை வாங்குகிறார். மருந்தைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் போட்டுத் தருகிறார்கள், மேலே “1 x 3” என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன மருந்து என்று தெரியவில்லை. இது சரியா?
– வாசகி, லெனேஷியா

ஒரே தொகை வாங்குவது தப்பில்லை. டாக்டர் தானே மருந்து கொடுக்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு படிப்பு முடித்து லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும், அது இருந்தால் போதும். இந்த லைசென்ஸ் விவகாரத்தில் டாக்டர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார்கள். 2005-இல் வந்த தீர்ப்பில் லைசென்ஸ் முறையே நின்றுவிட்டது, லைசென்ஸை ஒரு குறிப்பிட்ட கட்டடத்தோடு கட்டிப்போட்ட பகுதி மட்டும் அடிபட்டது.

பெயர் எழுதாத பாக்கெட்தான் தப்பு. மருந்தின் பெயர், உங்கள் பெயர், எப்படிச் சாப்பிட வேண்டும், தேதி, கொடுத்தவரின் பெயர், முகவரி எல்லாம் அதன்மேல் இருக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு உடம்பெல்லாம் தடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் அங்கே முதலில் கேட்கும் கேள்வி “என்ன சாப்பிட்டீர்கள்?” என்பதுதான். “ஒரு பச்சை, ஒரு பாதி வெள்ளை பாதி சிவப்பு” என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் பாக்கெட்டை நீட்டி, “பெயரை எழுதிக் கொடுங்கள், அம்மாவுக்கு அலர்ஜி உண்டு” என்று சொல்லிப் பாருங்கள், எழுதிக் கொடுப்பார்.

இந்த டாக்டர்களை நான் மட்டமாகப் பேச மாட்டேன். மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு இல்லாதவனுக்கு, வாசலில் நுழையும் முன்பே எவ்வளவு ஆகும் என்று தெரிவது பெரிய நிம்மதி. தவணை சொல்லிப் பார்த்துவிடும் டாக்டர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பணம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொகை என்றால் உள்ளே போகும் மருந்து குறையக் குறைய டாக்டருக்கு மிச்சம், அதனால்தான் ஐந்து நாள் சாப்பிட வேண்டியது மூன்று நாளுக்கு வந்து நிற்கும். மருந்துக்குத் தனியாக பில் போடும் சர்ஜரியில் இழுப்பு மறுபக்கம். அங்கே டாக்டருடைய கூலி ஒரு வரம்பு வரை மருந்து விலையில் 30 சதவீதம், பாக்கெட் கூடக் கூடக் கூலியும் கூடும். இரண்டு இடத்திலும் நேர்மையாக நடப்பவர்கள்தான் அதிகம், இழுப்பு மட்டும் எல்லா இடத்திலும் உண்டு. உங்களுக்குச் சந்தேகம் வந்தால் “டாக்டர், ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுங்கள், வெளியே வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். அங்கேயேதான் வாங்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

மகளே, எனக்கு 74 வயது. முதலில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மூன்று மாத்திரை என்று ஆரம்பித்தது, இப்போது தினமும் எட்டு. எனலாப்ரில், அம்லோடிபின், மெட்ஃபார்மின், கால் வீக்கத்துக்கு ஃபியூரோசமைட், கௌட் என்கிற மூட்டு வீக்கத்துக்கு அலோபியூரினால், முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்றுக்கு ஓமெப்ரசோல், விடாத இருமலுக்கு ஒரு சிரப். இரண்டு டாக்டரிடம் போகிறேன். பென்ஷன் பணத்தில் கட்டவில்லை. எதை நிறுத்தலாம்?
– ஒரு தாத்தா, மெரேபேங்க்

தாத்தா, நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் பட்டியலைப் படித்துவிட்டு நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை, கோடு போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு இப்படித்தான் நடந்தது என்று சொல்லவில்லை, இப்படி நடப்பதுண்டு என்று சொல்கிறேன்.

எனலாப்ரில் நல்ல மருந்து, சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்துக்கு ரொம்ப நல்லது. சிலருக்கு அது வறட்டு இருமல் கொடுக்கும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் குறுகுறு என்று ராத்திரியில் படுத்தும். அதற்குச் சிரப் கேட்காது, எத்தனை பாட்டில் குடித்தாலும் கேட்காது. மாத்திரையை மாற்றினால் சில வாரத்தில் அடங்கிவிடும், லோசார்ட்டான் போல இருமல் தராத மாற்று இருக்கிறது, அதிலும் ஜெனரிக் உண்டு.

அம்லோடிபின் கணுக்கால் வீக்கம் கொடுக்கும், அளவு கூடினால் வீக்கமும் கூடும். அது மருந்தால் வந்த வீக்கம் என்று தெரியாமல் நீர் பிரிய ஃபியூரோசமைட் எழுதுவது உலகம் முழுவதும் நடக்கிற கதை. இந்த வீக்கத்துக்கு அது சரியாக வேலையும் செய்யாது. செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அது யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும், ஏறினால் கால் கட்டைவிரலில் கௌட், கௌட்டுக்கு அலோபியூரினால். டைக்ளோஃபெனாக் இன்னொரு பக்கம்: வயிற்றைப் புண்ணாக்கும், அதற்கு ஓமெப்ரசோல், பிரஷரையும் ஏற்றும், ஏறினால் பிரஷர் மாத்திரையைக் கூட்டுவார்கள், கூட்டினால் கால் இன்னும் வீங்கும். ஒரு டாக்டர் எழுதியதன் விளைவை இன்னொரு டாக்டர் புது நோயாகப் பார்த்து மருந்து எழுதுகிறார். இரண்டு பேரும் தங்கள் அளவில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், எட்டுப் பெட்டியையும் ஒரே மேஜையில் யாரும் வைத்துப் பார்க்கவில்லை, அதுதான் குறை.

இதில் ஒரு விஷயத்துக்கு அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். எனலாப்ரில், ஃபியூரோசமைட், டைக்ளோஃபெனாக் மூன்றும் சேர்ந்தால் உங்கள் வயதில் சிறுநீரகம் பழுதாகலாம். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினை இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். முட்டி வலிக்கு பனாடோ மாதிரி பாரசிட்டமாலில் ஓட்ட முடியுமா என்று கேளுங்கள், பல பேருக்கு ஓட்ட முடிகிறது.

போகும்போது எல்லா டப்பாவையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், பேரப்பிள்ளை வாங்கித் தந்த விட்டமின், வீட்டில் காய்ச்சும் கஷாயம் உட்பட. இரண்டு டாக்டரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, “இனி நீங்கள்தான் முழுசாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எதற்கு என்று அவருக்கே தெரியாத மாத்திரை ஒன்று நிச்சயம் மேஜையில் இருக்கும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள், திங்கட்கிழமை காலையில் இது நடக்காது.

அம்மாவுக்குச் சர்க்கரை பல வருஷமாக ஒரே நிலையில் இருக்கிறது. ஆனாலும் மாதாமாதம் சர்ஜரிக்குப் போய்ப் பணம் கட்டித்தான் ஸ்கிரிப்ட் வாங்குகிறோம். அரசாங்கக் கிளினிக்குப் போகலாம் என்றால் அந்த வரிசையில் யார் நிற்பது?
– வாசகி, வெருலம்

மாத்திரை விலையைவிட டாக்டரைப் பார்க்கும் கட்டணம்தான் உங்களுக்கு அதிகம் ஆகியிருக்கும். மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை எல்லாம் ஷெடியூல் 3, அதாவது சீட்டு இருந்தால்தான் கொடுக்கும் வகை. ஒரே ஸ்கிரிப்டில் ஆறு மாதம் வரை ரிப்பீட், அதாவது மாதாமாதம் திரும்ப வாங்கிக்கொள்ள, எழுதலாம். அம்மாவின் சர்க்கரை நிலையாக இருக்கிறது என்றால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், “ரிப்பீட் ஆறு மாதம் போட்டுத் தர முடியுமா?” என்று. போட முடியாது என்றால் ஏன் என்று அவர் சொல்ல வேண்டும், காரணம் இருக்கவும் இருக்கலாம். நடுவில் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள கெமிஸ்டில் இருக்கும் நர்ஸ் போதும்.

கிளினிக் வரிசையைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு முன்னால் காலை இருட்டில் போய் உட்கார்ந்த ஆயாக்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2014-இல் இருந்து ஒரு திட்டம் இருக்கிறது, இப்போது டாப்லாப் மெட்ஸ் என்று பெயர். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கிளினிக்கில் ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்கள், மருந்து பொட்டலம் கட்டி உங்களுக்குப் பக்கத்தில் உள்ள பிக்-அப் இடத்துக்கு வந்துவிடும், அதில் தனியார் கெமிஸ்டுகளும் உண்டு. குறுஞ்செய்தி வந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. சேர்வதற்குக் கிளினிக் கார்டு வேண்டும், முதல் சில தடவை வரிசையில் நிற்கத்தான் வேண்டும். “அரசாங்க மருந்து வேலை செய்யாது” என்று அம்மா சொல்வார், எல்லா அம்மாக்களும் சொல்கிறார்கள். அங்கே கிடைக்கும் மெட்ஃபார்மினும் சாப்ரா பதிவு செய்த மெட்ஃபார்மின்தான்.

மெடிக்கல் எய்டுக்கு மாசம் தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் பிரஷர் மாத்திரை வாங்கும்போது கவுன்டரில் கூடப் பணம் கேட்கிறார்கள். பிறகு எதற்கு எய்ட்?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உங்கள் பிரஷரை எய்டில் குரோனிக், அதாவது நாள்பட்ட நோய், என்று பதிவு செய்தீர்களா? டாக்டர் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். பல சர்ஜரிகளில் அனுப்புவதில்லை, நாமும் கேட்பதில்லை, மருந்துக் காசு எய்டில் உங்கள் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கில் இருந்து போய்க்கொண்டே இருக்கும், வருஷ நடுவில் அது காலி. பிரஷர், சர்க்கரை, ஆஸ்துமா, கொழுப்பு, தைராய்டு குறைவு, வலிப்பு எல்லாம் சட்டப்படி எந்தத் திட்டமானாலும், மலிவான திட்டமானாலும், எய்ட் பார்த்தே ஆக வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. அதற்குச் சேமிப்புக் கணக்கைத் தொடவே கூடாது.

இரண்டு, பதிவு செய்திருந்தும் கூடப் பணம் கேட்டால், டாக்டர் எழுதிய மாத்திரை எய்டின் மருந்துப் பட்டியலில் இருக்காது, அல்லது அவர்கள் சொன்ன கெமிஸ்டில் நீங்கள் வாங்கவில்லை. பட்டியலை எய்டிடம் கேட்டு வாங்கி டாக்டர் கையில் கொடுங்கள், அதில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். பட்டியல் மருந்து உங்களுக்குக் கேட்கவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் வேறு மருந்துக்கும் எய்ட் முழுசாகக் கொடுக்க வேண்டும், அபராதம் போடக் கூடாது. இழுத்தடித்தால் எய்டுகளை மேற்பார்க்கும் மெடிக்கல் ஸ்கீம் கவுன்சிலுக்கு எழுத்தில் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. போனில் பேசிப் பேசி ஓய்ந்துபோகாதீர்கள், எல்லாவற்றையும் ஈமெயிலில் கேளுங்கள்.

குழந்தைக்குச் சளி என்று போனாலே ஆன்டிபயாட்டிக். கொடுக்காவிட்டால் மாமியார் “என்ன டாக்டர் இவர்” என்கிறார்.
– வாசகி, டோங்காட்

பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்த முறை வேறு சர்ஜரிக்குப் போய்விடுவார்கள் என்று டாக்டருக்கும் தெரியும். சாதாரணச் சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது, இருமல் இரண்டு மூன்று வாரம் கூட இழுக்கும். “டாக்டர், இது அவசியமா, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?” என்று நீங்கள் கேட்டுவிட்டால் பல டாக்டர்கள் பேனாவை மூடிவிடுவார்கள். மூச்சு வேகமாக இழுத்தால், விலா உள்வாங்கினால், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மூன்று மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பொறுக்க வேண்டாம், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மாமியாரிடம் டாக்டர் சொன்னதாகவே சொல்லுங்கள்.

வேலை விஷயமாகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறோம். ஊரிலிருந்து ஒரு வருஷத்து மாத்திரையை மொத்தமாகக் கொண்டு வந்துவிடலாமா?
– வாசகர், ஜோகன்னஸ்பர்க்

கூடாது. சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதத்துக்கானது மட்டும்தான், அதோடு டாக்டரின் கடிதமோ சீட்டோ கையில் இருக்க வேண்டும், சுங்கத்தில் கேட்பார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் இங்கே ஒரு டாக்டரிடம் காட்டி ஸ்கிரிப்ட் மாற்றிக்கொள்ளுங்கள். போகும்போது அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதிக்கொண்டு போங்கள், சென்னையில் விற்கும் பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேருக்குப் புரியாது.